கெர்னலுக்குப் பெயர் தெரியாது

சில வருடங்களுக்கு முன் பெருங்குடியில் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். அவர்களுடைய பில்லிங் மென்பொருள், மென்பொருள்களைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளாகப் பிரித்துப் பல சர்வர்களில் ஓட்டும் குபெர்னெட்டீஸில் ஓடியது. நாள் முழுக்க ஒழுங்காகத்தான் ஓடும். அவ்வப்போது ஒரு கோரிக்கை மட்டும் தாமதமாகும். அந்தத் தாமதம் எப்போதும் ஐந்து விநாடி. நான்கும் இல்லை, ஆறும் இல்லை. இரண்டு வாரமாக டேட்டாபேஸ்காரர்களைக் குடைந்துகொண்டிருந்தார்கள். டேட்டாபேஸ் பதிவுகளில் ஒன்றும் தென்படவில்லை. கோரிக்கை அங்கே வந்து சேர்வதே ஐந்து விநாடி கழித்துத்தான்.

பக்கத்தில் ஒரு பையன் உட்கார்ந்திருந்தான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் இருக்கும். "அண்ணா, பேரை ஐபியா மாத்துறது கெர்னல்தானே? அப்போ அங்கதான் ஏதோ டைம்அவுட் இருக்கணும்" என்றான்.

அவன் சொன்னதில் பாதி தவறு, பாதி சரி. கெர்னல் என்பது இயங்குதளத்தின் மையக்கரு. பெயரை ஐபி முகவரியாக, அதாவது நெட்வொர்க்கில் ஒரு கணினிக்குரிய எண்ணாக, மாற்றுவது கெர்னலின் வேலை என்று நினைத்தது தவறு. ஆனால் அன்றைய கோளாறின் வேர் கெர்னலுக்குள்தான் இருந்தது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாகும் என்று அன்று சாயங்காலம் டீக்கடையில் நின்று அவனுக்குச் சொன்னேன். அதையே இங்கே விரித்து எழுதுகிறேன். வருடக்கணக்கில் சர்வர்களோடு பழகியவர்கள்கூட கெர்னலுக்கும் அதற்கு வெளியே ஓடுபவற்றுக்கும் நடுவில் உள்ள இந்த எல்லைக்கோடு எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் நாட்களை இழப்பதைப் பார்த்திருக்கிறேன்.

முதலில் தவறான பாதி. ஒரு மென்பொருள் வெளியில் உள்ள சர்வரோடு பேச வேண்டுமானால் கெர்னலிடம் கனெக்ட் என்ற சிஸ்டம் அழைப்பை விடுக்கும். அந்த அழைப்பில் முகவரி எழுத ஓர் இடம் உண்டு. பழைய முகவரி முறையான ஐபிவி4 என்றால் அங்கே 4 பைட், புதிய முறையான ஐபிவி6 என்றால் 16 பைட். அவ்வளவுதான். பெயர் எழுத அதில் இடமே கிடையாது. ரயில் டிக்கெட் தளமோ, வங்கியோ, நம் தெருவில் உள்ள ஸ்வீட் கடையின் பக்கமோ, எதுவானாலும் கெர்னலின் வாசலுக்கு வரும்போது எண்ணாகியிருக்க வேண்டும்.

இதற்குக் காலக்கணக்கும் ஒரு காரணம். மென்பொருள்கள் கெர்னல் வழியாக நெட்வொர்க்கில் பேச இன்று நாம் பயன்படுத்தும் சாக்கெட் என்ற இடைமுகம் பெர்க்லியின் 4.2பிஎஸ்டி யூனிக்ஸோடு 1983 ஆகஸ்டில் வந்தது. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ் முறையை வரையறுத்து பால் மொக்கபெட்ரிஸ் எழுதிய ஆர்எஃப்சி 882, 883 என்ற இணைய விதிமுறை ஆவணங்கள் அதே ஆண்டு நவம்பரில்தான் வெளியாயின. ஆக, கெர்னலின் வாசல் கட்டி முடித்தபோது டிஎன்எஸ் என்ற ஒன்று இல்லை. அப்போது பெயர்ப் பட்டியல் என்பது ஒரே ஒரு உரைக் கோப்பு. கலிஃபோர்னியாவில் எஸ்ஆர்ஐ நிறுவனத்தில் இருந்த தகவல் மையம் அதைப் பராமரித்தது. ஒவ்வொரு ஊரிலும் உள்ளவர்கள் அதை இறக்கி வைத்துக்கொண்டார்கள். அந்தக் கோப்பைத் திறந்து படிக்கும் சின்ன வேலையை சி மொழியின் லைப்ரரி செய்தது. பிறகு டிஎன்எஸ் வந்தபோது அதே லைப்ரரிக்குள் நுழைந்து உட்கார்ந்துகொண்டது. கெர்னலைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. லினக்ஸிலும் மேக்கிலும் விண்டோஸிலும் இன்றுவரை நாம் அன்றாடம் செய்யும் பெயர் தேடல் கெர்னலுக்கு வெளியே, யூசர் ஸ்பேஸில்தான் நடக்கிறது.

லினக்ஸில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். எஸ்ட்ரேஸ் கருவியை வைத்து ஏதாவது ஒரு மென்பொருளை ஓட்டினால், அது கெர்னலிடம் விடுக்கும் அழைப்பெல்லாம் வரிசையாக ஓடும். மென்பொருள் கூப்பிடுவது கெட்அட்ரின்ஃபோ என்ற ஒரே ஒரு ஃபங்ஷனை. அந்தப் பெயர் எஸ்ட்ரேஸில் எங்கும் தெரியாது, ஏனென்றால் அது சிஸ்டம் அழைப்பு கிடையாது, லைப்ரரிக்குள் இருப்பது. அதன் விளைவுகள்தான் திரையில் தெரியும். முதலில் ஈடிசி அடைவில் உள்ள என்எஸ்ஸ்விட்ச்.கான்ஃப் கோப்பு திறக்கப்படும். எதை முதலில் பார்ப்பது, எதை அடுத்துப் பார்ப்பது என்ற வரிசை அதில் இருக்கிறது. பெரும்பாலும் முதலில் கோப்பு, அப்புறம் டிஎன்எஸ். அதனால் பெயர் முதலில் ஹோஸ்ட்ஸ் கோப்பில் தேடப்படும்; 1983க்கு முந்தைய அந்தப் பட்டியலின் வாரிசு. அங்கே பெயர் இல்லாவிட்டால் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் உள்ளது கைகொடுக்கும். டிஎன்எஸ் சர்வர்களின் எண்கள் அதில்தான் உள்ளன. பெரும்பாலான லினக்ஸ்களில் உள்ள சி லைப்ரரியான ஜிலிப்சி அதிகபட்சம் மூன்றை எடுத்துக்கொள்ளும். இதுவரைக்கும் கெர்னல் செய்தது வெறும் கோப்பு திறந்து கொடுக்கும் வேலை. தான் ஒரு பெயர் தேடலுக்கு உதவுகிறோம் என்பதே அதற்குத் தெரியாது.

பிறகு ஒரு யூடிபி சாக்கெட் திறக்கப்படும். யூடிபி என்பது போய்ச் சேர்ந்ததா என்று உறுதி செய்யாமல் பாக்கெட் அனுப்பும் முறை. டிஎன்எஸ் சர்வரின் 53ஆம் போர்ட்டை நோக்கி ஒரு கனெக்ட். போர்ட் என்பது ஒரே கணினியில் ஓடும் பல உரையாடல்களைப் பிரித்தறியும் எண். யூடிபியில் கனெக்ட் செய்தால் ஒரு பாக்கெட்கூட வெளியே போகாது. 'இந்த எண்ணிலிருந்து வரும் பதிலை மட்டும் என்னிடம் கொடு' என்று கெர்னலிடம் சொல்லி வைப்பது மட்டும்தான். அடுத்து கேள்வி அனுப்பப்படும், பெரும்பாலும் இரண்டாக: ஐபிவி4 முகவரிக்கு ஒன்று, ஐபிவி6 முகவரிக்கு ஒன்று. அப்புறம் போல் என்ற அழைப்பு. 'பதில் வந்தால் எழுப்பு, இல்லையென்றால் 5,000 மில்லி விநாடி கழித்து எழுப்பு' என்று சொல்லிவிட்டு மென்பொருள் தூங்கப் போகும்.

பெருங்குடி பையன் தேடிய ஐந்து விநாடி இதுதான். எவ்வளவு நேரம் காத்திருப்பது என்பதை முடிவு செய்வது ஜிலிப்சி. அதன் இயல்பு அளவு ஐந்து விநாடி, இரண்டு முயற்சி. ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் ஒரு வரி சேர்த்தால் இதை மாற்றிக்கொள்ளலாம். கெர்னல் சொன்ன நேரத்துக்கு அலாரம் அடிக்கும், அவ்வளவே. எங்கேயாவது தாமதம் ஐந்தின் மடங்காக வந்தால் என் சந்தேகம் முதலில் டிஎன்எஸ் பக்கம்தான் போகும்.

பதில் வந்த பிறகும் வேலை முடிவதில்லை. ஒரு பெயருக்கு ஆறேழு முகவரிகள் வந்தால் எதை முதலில் முயல்வது? ஆர்எஃப்சி 6724 இதற்கு விதிகள் தருகிறது. அந்த விதிகளைப் பின்பற்ற, 'இந்த முகவரிக்குப் போனால் என் கணினியின் எந்த முகவரியிலிருந்து போவேன்' என்பது தெரிய வேண்டும். அது கெர்னலின் ரவுட்டிங் அட்டவணைக்குத்தான் தெரியும். ஆகவே லைப்ரரி ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு யூடிபி கனெக்ட் செய்து, உடனே 'நான் இப்போது யாராக இருக்கிறேன்' என்று கேட்கிறது. ஒரு பாக்கெட்கூட அனுப்பாமல், கெர்னலின் அறிவை இப்படிக் கடன் வாங்கிக்கொள்கிறது. எஸ்ட்ரேஸில் காரணமே இல்லாமல் கனெக்ட் அழைப்புகள் வரிசையாகத் தெரிகின்றனவே என்று குழம்பியவர்களுக்கு விடை இது.

கேள்வி கணினியை விட்டுப் போன பிறகு என்ன ஆகிறது என்பது தனிக் கதை, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம் கணினி ஒரே ஒரு டிஎன்எஸ் சர்வரிடம் கேட்டுவிட்டுக் காத்திருக்கும். ரூட் சர்வரிலிருந்து தொடங்கிப் படிப்படியாக இறங்கி விடை கண்டுபிடிப்பது அந்த சர்வரின் பாடு. ரூட் சர்வர்களின் பெயர்கள் 13. ஆனால் ஒவ்வொன்றுக்கும் உலகெங்கும் பல பிரதிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றான எஃப் ரூட்டின் பிரதி சென்னையிலேயே உண்டு.

இப்போது ஒரே கெர்னல், பல லைப்ரரிகள் என்ற விஷயத்துக்கு வருகிறேன். பெயர் தேடல் கெர்னலில் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஒரே சர்வரில், ஒரே கெர்னலின் மேல், இரண்டு கன்டெய்னர்கள் ஓடுகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று டெபியன் வகை லினக்ஸ், அதில் ஜிலிப்சி. மற்றொன்று அல்பைன், அதில் மஸ்ல் என்ற சிறிய லைப்ரரி. மூன்று டிஎன்எஸ் சர்வர்கள் எழுதியிருந்தால் ஜிலிப்சி முதலாவதைக் கேட்டு, பதில் வராவிட்டால்தான் இரண்டாவதற்குப் போகும். மஸ்ல் மூன்றையும் ஒரே நேரத்தில் கேட்டு, முதலில் வரும் பதிலை எடுத்துக்கொள்ளும். என்எஸ்ஸ்விட்ச் கோப்பை மஸ்ல் படிப்பதே இல்லை. பெரிய பதில் வந்தால் யூடிபியை விட்டு, இணைப்பு ஏற்படுத்திக்கொண்டு அனுப்பும் டிசிபிக்கு மாறும் வசதி மஸ்லுக்கு 2023ஆம் ஆண்டு வந்த 1.2.4 பதிப்பில்தான் கிடைத்தது. கோ மொழியில் எழுதிய மென்பொருள்களோ லைப்ரரியையே தவிர்த்துவிட்டுத் தங்களுக்குள் இருக்கும் தேடல் நிரலைப் பயன்படுத்த முடியும். குரோம், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டும் தேவைப்பட்டால் டிஎன்எஸ் கேள்வியை எச்டிடிபிஎஸ்ஸுக்குள் மறைத்து அனுப்பும். அப்போது 53ஆம் போர்ட்டில் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் ஒன்றும் கண்ணில் படாது.

உபுண்டு போன்றவற்றில் சிஸ்டம்டி-ரிசால்வ்டு என்று ஒன்று 127.0.0.53 என்ற எண்ணில் உட்கார்ந்திருக்கும். அந்த எண் கணினிக்குள்ளேயே இருப்பதால் பலர் அதைக் கெர்னலின் பகுதி என்று நினைக்கிறார்கள். அதுவும் வெளியே ஓடும் ஒரு சாதாரண ப்ராசஸ்தான். நிறுத்தலாம், திரும்ப ஓட்டலாம். விண்டோஸில் டிஎன்எஸ் கிளையன்ட் என்ற சர்வீஸும், மேக்கில் எம்டிஎன்எஸ்ரெஸ்பாண்டரும் செய்வது ஏறக்குறைய இதே வேலை.

இங்கே ஒரு நடைமுறைக் குறிப்பு. 'டிக்' கட்டளையில் பெயர் சரியாக வருகிறது, மென்பொருளில் வரவில்லை என்று வாரத்துக்கு ஒருவராவது என்னிடம் கேட்கிறார்கள். டிக், ஹோஸ்ட்ஸ் கோப்பையும் என்எஸ்ஸ்விட்சையும் பார்ப்பதில்லை. நேராக டிஎன்எஸ் சர்வரிடம் போய்விடும். மென்பொருள் போகும் பாதையிலேயே போய்ப் பார்க்க வேண்டுமானால் 'கெட்என்ட்' கட்டளையைப் பயன்படுத்துங்கள். இரண்டும் வேறு வேறு விடை தந்தால், பிரச்சினை இந்தக் கோப்புகளுக்கும் டிஎன்எஸ் சர்வருக்கும் நடுவில் எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம்.

தமிழ் டொமைன் பெயர்களும் இந்த இடத்தில் வருகின்றன. '.இந்தியா', '.இலங்கை', '.சிங்கப்பூர்' என்று தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்கள் உள்ளன. பிரவுசரில் தமிழில் தட்டச்சு செய்தால், பியூனிகோட் என்ற முறைப்படி அது ஆங்கில எழுத்தும் இலக்கமும் கலந்த ஒரு கோவையாக மாறி, 'எக்ஸ்என்' என்று தொடங்கும் பெயராகத்தான் டிஎன்எஸ்ஸுக்குப் போகும். அந்த மாற்றத்தைச் செய்வது பிரவுசரோ லைப்ரரியோதான். ஒரு மென்பொருளில் தமிழ்ப் பெயர் வேலை செய்து இன்னொன்றில் செய்யாவிட்டால், கெர்னலைப் புதுப்பித்துப் பயன் இல்லை.

சரி, இதையெல்லாம் கெர்னலுக்குள்ளேயே வைத்தால் என்ன? எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி நடந்துகொள்ளுமே என்று தோன்றும். இந்தக் கேள்விக்கு என்னிடம் உறுதியான பதில் உண்டு: வேண்டாம். வெளியிலிருந்து யாரோ அனுப்பும் பைட்டுகளைப் பிரித்துப் படிப்பது ஆபத்தான வேலை. 2015 ஜனவரியில் குவாலிஸ் நிறுவனம் 'கோஸ்ட்' என்று பெயரிட்டு ஒரு பிழையை வெளியிட்டது. ஜிலிப்சியின் பெயர் தேடல் பகுதியில் 2000ஆம் ஆண்டிலிருந்து இருந்த பிழை அது. அடுத்த வருடம் பிப்ரவரியில் கெட்அட்ரின்ஃபோவிலேயே இன்னொன்று. பதிலுக்காக ஒதுக்கிய 2,048 பைட் இடத்தைத் தாண்டி எழுத வழி இருந்தது. தீய நோக்கமுள்ள டிஎன்எஸ் சர்வர் ஒன்று அதன் மூலம் கணினிக்குள் நுழைய முடியும். கூகுள், ரெட்ஹாட் பொறியாளர்கள் இரு தரப்பாரும் தனித்தனியே அதைப் பிடித்தார்கள். இந்த இரண்டு பிழைகளிலும் பாதிக்கப்படுவது அந்தத் தேடலைச் செய்த ப்ராசஸ். அதே நிரல் கெர்னலுக்குள் இருந்திருந்தால் மொத்தக் கணினியும் போயிருக்கும். மேலும், ஒரு நிறுவனம் பெயர்களை எல்டாப் என்ற மையத் தகவல் சேவையில் வைத்திருக்கும், இன்னொன்று கோப்பில் வைத்திருக்கும், மூன்றாவது டிஎல்எஸ் என்ற மறையாக்கம் வழியாகத்தான் கேட்பேன் என்று சொல்லும். இவ்வளவு விதமான கொள்கைகளையும் கெர்னலுக்குள் திணித்தால் அதைப் பராமரிக்க ஆளே கிடைக்காது.

ஆனால் கெர்னல் இதில் வெறும் தபால்காரர்தான் என்று நினைத்துவிடக் கூடாது. பெயர் தேடலின் பாதுகாப்பில் அதற்குப் பெரிய பங்கு உண்டு, பலருக்கும் தெரியாத பங்கு. டிஎன்எஸ் கேள்வி ஒவ்வொன்றுக்கும் 16 பிட் அடையாள எண் ஒன்று இருக்கும், 65,536 வாய்ப்புகள். 2008இல் டான் காமின்ஸ்கி, இந்த எண்ணை ஊகித்துப் போலிப் பதில்களை அனுப்பி, டிஎன்எஸ் சர்வரின் நினைவகத்தை எப்படி நஞ்சாக்கலாம் என்று காட்டினார். இணையமே அதிர்ந்தது. பல நிறுவனங்கள் சேர்ந்து ஒரே நாளில் திருத்தம் வெளியிட்டன. திருத்தம் இதுதான்: கேள்வி அனுப்பும் போர்ட்டையும் ஒவ்வொரு முறையும் தற்செயலாக மாற்றுவது. மென்பொருள் தானே போர்ட்டைத் தேர்ந்தெடுக்காவிட்டால் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது கெர்னல். லினக்ஸில் இதற்கான இயல்பு எல்லை 32768 முதல் 60999 வரை. அடையாள எண்ணோடு இந்த 28,232 போர்ட்டுகளும் பெருக்கலில் சேரும்போது ஊகிப்பது மிகக் கடினமாகிறது.

பன்னிரண்டு வருடம் கழித்து அந்தச் சுவரிலும் ஒரு விரிசல் தெரிந்தது, அதுவும் கெர்னலில். 2020 நவம்பரில் கலிஃபோர்னியாவின் ரிவர்சைடு பல்கலைக்கழகமும் சீனாவின் சிங்குவா பல்கலைக்கழகமும் சேர்ந்து 'சாட் டிஎன்எஸ்' என்ற தாக்குதலை விளக்கின. மூடிய போர்ட் ஒன்றுக்குப் பாக்கெட் வந்தால் லினக்ஸ் கெர்னல் 'இங்கே யாரும் இல்லை' என்று ஐசிஎம்பி பதில் அனுப்பும். அதிகம் அனுப்பிவிடாமல் இருக்க ஒரு பொது வரம்பு வைத்திருந்தது: விநாடிக்கு 1,000, ஒரே மூச்சில் 50. தாக்குபவர், பதில் தர வேண்டிய டிஎன்எஸ் சர்வரின் பெயரில் போலியாக 50 பாக்கெட்டுகளை, கேள்வி கேட்ட கணினியின் 50 போர்ட்டுகளுக்கு அனுப்புகிறார். உடனே தன் சொந்த முகவரியிலிருந்து மூடிய போர்ட் ஒன்றுக்கு இன்னொரு பாக்கெட். முந்தைய ஐம்பதும் மூடியவை என்றால் வரம்பு தீர்ந்திருக்கும். தனக்குப் பதில் வராது. ஐம்பதில் ஒன்று திறந்திருந்தால் கணக்கில் ஒன்று மிச்சம் இருக்கும், பதில் வரும். இப்படியே தேடித் தேடி, கேள்வி போன போர்ட்டைக் கண்டுபிடித்துவிடலாம். அனைவருக்கும் பொதுவான ஒரு எண்ணிக்கை இவ்வளவு பெரிய ரகசியத்தை வெளியே விட்டது. அதே வருடம் வந்த லினக்ஸ் 5.10இல் அந்த வரம்பைச் சற்றே தற்செயலாக மாறும்படி செய்தார்கள். டிஎன்எஸ்ஸின் ஒரு எழுத்துகூட மாறவில்லை. கெர்னலில் சில வரிகள், அவ்வளவுதான்.

இனி பெருங்குடிக்குத் திரும்பலாம். அங்கே கன்டெய்னர்கள் கேட்ட டிஎன்எஸ் சர்வரின் எண் உண்மையான எண் இல்லை. அது குபெர்னெட்டீஸ் வைத்த பொது எண். பாக்கெட் வெளியேறும்போது கெர்னலின் நெட்ஃபில்டர் பகுதி அதை உண்மையான டிஎன்எஸ் கன்டெய்னரின் எண்ணாக மாற்றி எழுதும். பதில் வரும்போது திருப்பி எழுத வேண்டுமே. அதற்காகக் கான்ட்ராக் என்ற ஓர் அட்டவணை வைத்திருக்கிறது. புதிய உரையாடலின் முதல் பாக்கெட் வந்தால் அதற்கு ஒரு பதிவு தயாராகும். ஆனால் அந்தப் பதிவு அட்டவணையில் ஏறுவது பாக்கெட் வெளியேறும் கடைசி நொடியில்தான்.

இப்போது ஜிலிப்சி அனுப்பும் இரண்டு கேள்விகளை நினைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே சாக்கெட்டிலிருந்து போகின்றன. அனுப்பும் எண், போர்ட், பெறும் எண், போர்ட் எல்லாம் ஒன்றே. கெர்னலின் கண்ணுக்கு இரண்டும் ஒரே உரையாடல். ஏறக்குறைய ஒரே நேரத்தில் இரண்டு சிபியூக்களில் அவை நடந்தால், இரண்டுமே அட்டவணையைப் பார்க்கும், பதிவு இல்லை என்று காணும், தனித்தனியே ஒரு பதிவைத் தயாரிக்கும். முதலாவது ஏறிவிடும். இரண்டாவது ஏறப் போகும்போது இடம் ஏற்கெனவே நிரம்பியிருக்கும். கெர்னல் அந்தப் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். யூடிபி என்பதால் யாருக்கும் தகவல் போகாது. லைப்ரரி ஒரு பதிலை வாங்கிவிட்டு மற்றதற்காக ஐந்து விநாடி தூங்கும், எழுந்து மறுபடி கேட்கும், உடனே பதில் கிடைக்கும்.

இது அடிக்கடி நடக்க இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. குபெர்னெட்டீஸ் தன் கன்டெய்னர்களின் ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் என்டாட்ஸ் அளவை 5 என்று எழுதி வைக்கும். பெயரில் ஐந்து புள்ளிகளுக்குக் குறைவாக இருந்தால் முதலில் உள்ளூர் பின்னொட்டுகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடு என்று அதற்கு அர்த்தம். பின்னொட்டுகள் மூன்று. ஆகவே வெளியுலகப் பெயர் ஒன்றைத் தேட மூன்று வீண் முயற்சி, நான்காவதாகத்தான் சரியான முயற்சி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி. மொத்தம் எட்டு பாக்கெட். மோதல் நேர நான்கு வாய்ப்பு.

கான்ட்ராக் புள்ளிவிவரத்தில் 'இன்சர்ட் ஃபெயில்டு' என்று ஓர் எண் இருக்கும். அதைத் திரையில் ஓடவிட்டு, பையனும் நானும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஐந்து விநாடித் தாமதம் வரும்போதெல்லாம் அது ஒவ்வொன்றாக ஏறியது. இரண்டு கேள்விகளையும் தனித்தனி சாக்கெட்டில் அனுப்பு என்று ஜிலிப்சிக்குச் சொல்லும் 'சிங்கிள்-ரிக்வெஸ்ட்-ரீஓபன்' என்ற வரியைச் சேர்த்தோம். பெரும்பாலான இடங்களில் தாமதம் நின்றது. ஒரு சர்வீஸில் மட்டும் நிற்கவில்லை; அது அல்பைனில் ஓடியது, மஸ்ல் அந்த வரியைக் கண்டுகொள்வதில்லை. கடைசியில் ஒவ்வொரு சர்வரிலும் ஒரு உள்ளூர் டிஎன்எஸ் கேஷ் வைத்து, அந்தப் பாதையைக் கான்ட்ராக் அட்டவணையிலிருந்தே விலக்கிய பிறகு முழுதாகச் சரியானது. கெர்னலிலும் இந்த மோதலுக்குப் பின்னர் திருத்தங்கள் வந்தன.

கெர்னலுக்கே ஒரு பெயரின் எண் தேவைப்படும் நேரமும் உண்டு. அரிதுதான், ஆனால் அப்போது அது நடந்துகொள்ளும் விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். இன்னொரு கணினியின் கோப்புகளை நெட்வொர்க் வழியாகத் தரும் என்எஃப்எஸ் அல்லது விண்டோஸ் பகிர்வு ஒன்றைக் கெர்னல் மவுன்ட் செய்து, அதாவது தன் அடைவுகளோடு இணைத்து, வைத்திருக்கிறது. நடுவழியில் அந்த சர்வர், 'நீ கேட்கும் அடைவு என்னிடம் இல்லை, இன்ன பெயர் கொண்ட சர்வரிடம் போ' என்கிறது. கையில் இருப்பது பெயர். கேட்டது எந்த மென்பொருளும் இல்லை, கெர்னலேதான். லினக்ஸில் 2010 முதல் இதற்கென்று டிஎன்எஸ் ரிசால்வர் என்ற மாட்யூல் இருக்கிறது. பெயரைப் பார்த்தால் டிஎன்எஸ் முழுதும் கெர்னலுக்குள் வந்துவிட்டது போலத் தோன்றும். அப்படி இல்லை. அந்த மாட்யூல் தன் சாவிக் கொத்தில், அதாவது கீரிங்கில், அந்தப் பெயருக்கு ஒரு காலிச் சாவியை உருவாக்குகிறது. பிறகு ரிக்வெஸ்ட்-கீ என்ற யூசர் ஸ்பேஸ் நிரலை எழுப்பி, 'இதை நிரப்பிக் கொடு' என்று கேட்கிறது. அந்த நிரல் நமக்குத் தெரிந்த அதே லைப்ரரியிடம் போய் எண்ணை வாங்கி, சாவிக்குள் வைத்துத் திருப்பிக் கொடுக்கிறது. அடுத்த முறை அதே பெயர் வந்தால் சாவி கொத்திலேயே இருக்கும்.

இதில் ஒரு சிக்கல். கெட்அட்ரின்ஃபோ எண்ணைத் தருமே தவிர, அந்த எண் எவ்வளவு நேரத்துக்குச் செல்லுபடி என்று சொல்லாது. அதனால் தொடக்கத்தில் இப்படி வந்த சாவிகள் காலாவதி இல்லாமல் தங்கிவிட்டன. பின்னர்தான் ஓர் இயல்பு ஆயுள் சேர்த்தார்கள். மவுன்ட் செய்யும் கணினியில் ரிக்வெஸ்ட்-கீ அடங்கிய கீயுடில்ஸ் தொகுப்பு நிறுவப்படாவிட்டால் இந்த ஏற்பாடு வேலையே செய்யாது. மவுன்ட் நன்றாக நடந்து, ஒரு குறிப்பிட்ட அடைவுக்குள் போகும்போது மட்டும் பிழை வந்தால் அந்தத் தொகுப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

கணினி பூட் ஆகும்போது, நெட்வொர்க் விவரங்களைத் தானாகத் தரும் டிஎச்சிபி வழியாக டிஎன்எஸ் சர்வரின் எண்ணைக் கெர்னலே நேரடியாக வாங்குவதும் உண்டு, டிஸ்க் இல்லாத கணினிகளில். அப்போதும் அது அந்த எண்ணைத் தான் பயன்படுத்திக்கொள்வதில்லை. ரிசால்வ்.கான்ஃப் கோப்பின் வடிவத்திலேயே எழுதி, ப்ராக் அடைவில் வெளியே வைத்துவிடும். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கெர்னலுக்குப் பெயர் தெரியாது என்பதன் கசப்பான விளைவு ஒன்று மிச்சம் இருக்கிறது. லினக்ஸின் ஃபயர்வால் கருவியான ஐபிடேபிள்ஸில் ஒரு சர்வரின் பெயரைக் கொடுத்து விதி எழுதலாம். கட்டளை மறுக்காமல் ஏற்கும். ஆனால் அந்தப் பெயரை எண்ணாக மாற்றுவது ஐபிடேபிள்ஸ் கட்டளை, அதுவும் விதியைச் சேர்க்கும் அந்த ஒரு நிமிடத்தில் மட்டும். கெர்னலுக்குள் போவது எண்தான். நாளை அந்தப் பெயருக்கு வேறு எண் வந்தாலும் விதி பழைய எண்ணைத்தான் காக்கும். சென்னையில் பாதி வீடுகளின் சுவரில் இன்னமும் பழைய எண், புதிய எண் என்று இரண்டும் எழுதியிருக்கும். எதை வைத்துத் தேடினாலும் வீடு கிடைத்துவிடும். ஐபி முகவரிக்கு அந்த வசதி இல்லை.

இணையத்தின் மேல் மறையாக்கம் செய்த தனி இணைப்பு (விபிஎன்) அமைக்கும் வயர்கார்டிலும் இதே கதைதான். அம்பத்தூரில் ஒரு சிறு பட்டறைக்கு விபிஎன் போட்டுக் கொடுத்தேன். அவர்களுக்கு நிலையான ஐபி கிடையாது, அதனால் டைனமிக் டிஎன்எஸ் பெயர் ஒன்றை வைத்தோம். வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களின் மடிக்கணினிகள் அந்தப் பெயரை வைத்து இணையும். கரண்ட் போய் வந்தால் ரவுட்டருக்குப் புது எண் வரும், டிஎன்எஸ்ஸும் உடனே மாறிவிடும். மடிக்கணினிகள் மட்டும் பழைய எண்ணுக்கே பாக்கெட் அனுப்பிக்கொண்டிருந்தன. வயர்கார்டு ஓடுவது கெர்னலுக்குள். பெயரைத் தேடியது இணைப்பைத் தொடங்கிய கட்டளை, தேடி முடித்துவிட்டு அது போய்விட்டது. மறுமுனை புது எண்ணிலிருந்து தானாகப் பேச்சைத் தொடங்கினால் வயர்கார்டு அதைக் கற்றுக்கொள்ளும். ஆனால் மடிக்கணினிகள் வீட்டு ரவுட்டருக்குப் பின்னால் இருந்ததால் அந்தப் பேச்சு உள்ளே வரவே முடியவில்லை.

வயர்கார்டோடு வரும் கருவிகளிலேயே இதற்கு ஒரு ஸ்கிரிப்ட் இருக்கிறது. கடைசியாகக் கைகுலுக்கி 135 விநாடிக்கு மேல் ஆகியிருந்தால் பெயரை மறுபடி தேடி, புது எண்ணைக் கெர்னலிடம் கொடுக்கும். அதை 30 விநாடிக்கு ஒரு முறை ஓடும்படி எல்லா மடிக்கணினிகளிலும் வைத்தேன். அடுத்த முறை கரண்ட் போய் வந்தபோது பட்டறையிலிருந்து போன் வரவில்லை.